குளிருக்கு முகங்கொடுத்தல்

(கனடாவுக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்காக, ரொறன்ரோவின் ஸ்காபுரோ பகுதியில் கார்த்திகை மாதம் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீங்கள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது நான் வாசலில் நின்று உங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் இருக்கும் தம்பிமார் மூன்று பேர் கன்வஸ் சப்பாத்தோடு வந்திருக்கிறீர்கள். ஒரு தங்கச்சி காலுறை இல்லாமல் வந்திருக்கிறா. வெளியே இப்போது 2 பாகை. தை மாதம் பிறந்தபிறகு இதே நேரத்தில் மைனஸ் 15 இருக்கக்கூடும். அதனால் இன்றைக்குக் காலிலிருந்தும் காதிலிருந்தும் தொடங்குகிறேன்.

நான் 1989 தை மாதத்தில் இந்த ஊரில் வந்து இறங்கினேன். வந்து மூன்றாம் கிழமை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. இரவு பன்னிரண்டரைக்கு வேலை முடியும். நீராவிக்குள் ஏழெட்டு மணி நேரம் நின்றதில் தலைமயிர் ஈரமாக இருக்கும். அப்படியே வெளியே வந்து, தொப்பி இல்லாமல், பஸ் தரிப்பில் நிற்பேன். ஒருநாள் பஸ் அரை மணி நேரம் பிந்திவிட்டது. முதலில் காது எரிந்தது. பிறகு ஊசியால் குத்துவது போல இருந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றும் தெரியாத நிலை எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. குளிர் பழகிவிட்டது என்று நினைத்தேன்.

அறைக்குப் போனதும், கூட இருந்த அண்ணை பார்த்துவிட்டுப் பதறினார். "எடேய், உன்ரை காது மெழுகு மாதிரி இருக்கு!" அவரும் மட்டக்களப்பிலிருந்து வந்து எட்டு மாதம்தான். அவருக்குத் தெரிந்த வைத்தியம், உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி என் காதை நன்றாகத் தேய்த்தது. பிறகு ஹீட்டரோடு காதை வைக்கச் சொன்னார். அன்பால் செய்தார். இரண்டும் பிழை. உறைந்த தோலுக்குள் நுண்ணிய பனிக்கட்டிகள் இருக்கும். தேய்த்தால் அவை சதையைக் கிழிக்கும். மரத்துப்போன இடம் சூட்டையும் உணராது, வெந்தாலும் தெரியாது. குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், 37 முதல் 39 பாகை வரையான இளஞ்சூட்டு நீரில் துணியை நனைத்து ஒற்ற வேண்டும். விரல் என்றால் அந்த நீருக்குள் வைத்திருக்க வேண்டும். நிறம் திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். எனக்கு விடியும்போது கொப்புளம் வந்துவிட்டது. இன்றைக்கும் குளிர்காலம் தொடங்குவதை என் இடது காதின் மேல்விளிம்புதான் எனக்கு முதலில் சொல்கிறது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதை எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஒருவரும் இருக்கவில்லை. குளிரில் வாழ்வது நீச்சலைப் போல, சைக்கிள் ஓட்டுவதைப் போலப் பழகி எடுக்க வேண்டிய ஒன்று. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஒரு கிழமையில் பழகலாம். இல்லாவிட்டால் பத்து வருடம் ஆனாலும் அடிபட்டு அடிபட்டுத்தான் பழக வேண்டும்.

எங்கள் மொழிக்குக் குளிர் தெரியாத ஒன்றல்ல. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பருவங்களில் முன்பனி, பின்பனி என்று இரண்டு பனிக்கே உரியவை. வடக்கேயிருந்து வீசும் காற்றுக்கு வாடை என்று தனிப்பெயர் உண்டு. பத்துப்பாட்டில் நக்கீரர் பாடிய நெடுநல்வாடை முழுவதும் குளிர் நிறைந்திருக்கிறது. மழைக்கு ஒதுங்கிய இடையர்கள் நெருப்பில் கைகாய்கிறார்கள். குரங்குகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. மேகம் மூடியதால் பகலா மாலையா என்று தெரியாமல், தட்டில் வைத்த மொட்டு மலர்ந்த பிறகே பெண்கள் பொழுது சாய்ந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். இந்தக் காட்சியை நினைவில் வைத்திருங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

ஆனால் அந்தக் குளிர் நீர் உறையாத குளிர். பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் புல்லில் நிற்கும் ஈரம். தலையில் துண்டைப் போடாமல் போனால் தடிமன் பிடிக்கும் என்று அம்மாமார் ஏசுவார்களே, அதுதான். அந்த ஒரு சொல்லை இங்கே வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. ஸ்னோ வேறு, ஐஸ் வேறு, உறைமழை வேறு. ஸ்னோ கொட்டும்போது நல்ல பூட்ஸ் இருந்தால் தாராளமாக நடக்கலாம். பெரும்பாலும் அந்த நேரத்தில் குளிர் அவ்வளவு கடுமையாகவும் இருக்காது. வானம் நீலமாக வெளித்து வெயில் பளீரென்று அடிக்கும் நாள்தான் கடும் குளிர் நாள். புதிதாக வந்தவர்கள் வெயிலைப் பார்த்து ஏமாந்து மெல்லிய ஜக்கெற்றோடு இறங்கிவிடுவார்கள். ஐஸ் தரையோடு தரையாகக் கண்ணாடி போல, தார் ரோட்டின் நிறத்திலேயே கிடக்கும். அதன்மேல் கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கவே கூடாது. பாதத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி, சின்னச் சின்ன அடியாக, உடம்புப் பாரம் முன்காலில் இருக்க நடக்க வேண்டும். ரோட்டில் போடும் உப்பை நம்பலாம், ஆனால் எப்போதும் அல்ல. மைனஸ் 10, 12 பாகைக்குக் கீழே போனால் சாதாரண உப்புக்கு ஐஸை உருக்கும் வலு குறைந்துவிடும்.

விழுந்த இடத்திலேயே ஐஸாக உறையும் உறைமழை வந்தால் வீட்டில் இருங்கள். 2013 மார்கழி 21, 22 ஆம் திகதிகளில் இந்த நகரத்தில் பெய்த உறைமழையில் மரக்கிளைகள் ஐஸ் பாரத்தால் முறிந்து கம்பிகளில் விழுந்தன. ரொறன்ரோவில் மட்டும் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் அறுந்தன. பலருக்கு நத்தார் கழிந்த பிறகும் மின்சாரம் வரவில்லை. அந்த நாட்களில் குளிரைவிட எனக்குப் பயம் தந்தது வேறு ஒன்று. வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும், ஜெனரேட்டர் ஓட்டியும் பலர் கார்பன் மொனொக்சைட் நஞ்சு ஏறி மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. ஊரில் கரி அடுப்பில் சமைத்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் என்னோடு வாதிட்டார். ஊர் அடுப்படியில் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை போகிற இடைவெளி இருந்தது. இங்கே உள்ள வீடு காற்றுப் போகாமல் அடைத்துக் கட்டிய பெட்டி. மின்சாரம் போனால் எல்லோரும் ஒரே அறையில் கம்பளிகளோடு இருங்கள், அயலவர் வீட்டுக்குப் போங்கள், நகரசபை திறக்கும் வெப்ப நிலையங்களுக்குப் போங்கள். கரியை வீட்டுக்குள் மூட்டாதீர்கள். பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் தம்பிமார், உங்கள் அறைக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலாரம் இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். ஒன்ராறியோவில் அது சட்டப்படி இருக்க வேண்டியது.

உடுப்புக்கு வருவோம். தொலைபேசியில் வெப்பநிலை பார்க்கும்போது இரண்டு எண் தெரியும். ஒன்று உண்மை வெப்பநிலை, மற்றது காற்றோடு சேர்த்து உடம்பு உணரும் குளிர். சூடான தேத்தண்ணியை ஏன் ஊதிக் குடிக்கிறோம்? மேலே நிற்கும் சூட்டை ஊதித் தள்ளுவதற்குத்தானே. நம் தோலைச் சுற்றியும் மெல்லிய சூட்டுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. காற்று அதை ஊதித் தள்ளிவிடுகிறது. மைனஸ் 10 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 20. இரண்டாவது எண் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்.

கடைக்குப் போய் ஆகப் பெரிய, ஆகத் தடித்த ஜக்கெற்றை வாங்கி, உள்ளே ஒரு பருத்திச் சட்டையோடு போவதுதான் நம்மவர் எல்லோரும் முதல் வருடம் செய்வது. சூட்டைக் காப்பது துணியின் தடிப்பல்ல, துணிக்குள் அடைபட்டு நிற்கும் காற்று. ஆகவே ஒரு தடித்த உடுப்பைவிட மூன்று படை உடுப்பு நல்லது. உடம்போடு ஒட்டி வியர்வையை வெளியே கடத்தும் ஒன்று, அதற்குமேல் கம்பளி அல்லது பிளீஸ், அதற்குமேல் காற்றுப் புகாத ஒன்று. பருத்தி ஊருக்கு உகந்த துணி. அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். ஊரில் அது உடம்பைக் குளிர்விக்கும், இங்கேயும் அதைத்தான் செய்யும். பஸ் பிடிக்க ஓடி வியர்த்துப்போய், பிறகு தரிப்பில் நிற்கும்போது ஈரப் பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சி எடுக்கும். கையுறையில் ஐந்து விரலும் தனித்தனியாகப் போவதைவிட நாலு விரலும் ஒன்றாகப் போவது சூடு. விரல்கள் ஒன்றையொன்று காய்ச்சும். பூட்ஸ் வாங்கும்போது தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். உள்ளே பெருவிரலை அசைக்க முடிய வேண்டும். இறுக்கமான பூட்ஸ் எத்தனை நூறு டொலர் என்றாலும் காலை உறைய வைக்கும். சைக்கிளில் சாப்பாடு விநியோகிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஓடும் வேகமும் காற்றுத்தான். காற்றே இல்லாத இரவில்கூட உங்களுக்குக் காற்று உண்டு. முகத்தையும் முழங்காலையும் மூடாமல் போகாதீர்கள்.

இனி, எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி. "அண்ணை, எத்தினை வருசத்திலை உடம்பு பழகும்?"

கொரியாவின் ஜெஜு தீவில் ஹெயின்யோ என்னும் பெண்கள் இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்துக் கடலுக்குள் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுப்பவர்கள். குளிர்காலத்திலும் வெறும் பருத்தி உடுப்போடு மூழ்கி வந்தார்கள். 1960களில் உடலியல் ஆய்வாளர்கள் அவர்களைப் பரிசோதித்தபோது, மற்றவர்கள் நடுங்கத் தொடங்கும் குளிரில் இவர்கள் நடுங்கவில்லை என்று கண்டார்கள். அவர்களுடைய உடம்பு சூட்டை விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைக்கப் பழகியிருந்தது. 1970களில் ரப்பர் நீச்சலுடை வந்தது. சில வருடங்களுக்குள் அந்தப் பழக்கம் அவர்கள் உடம்பைவிட்டுப் போய்விட்டது. நெதர்லாந்தில் மாஸ்திரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு சிறு குழுவினரை 10 நாள், தினமும் 6 மணி நேரம் 15, 16 பாகைக் குளிரில் இருத்திப் பார்த்தார்கள். பத்து நாளிலேயே நடுக்கம் குறைந்தது. சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பு கூடுதலாக வேலை செய்தது.

ஆகவே வருடக் கணக்குக்கு இதில் வேலையில்லை. குளிருக்குள் போகிற உடம்பு நாட்கணக்கில் பழகும். போகாத உடம்பு முப்பது வருடம் ஆனாலும் பழகாது. வீட்டிலிருந்து கராஜ், கராஜிலிருந்து கார், காரிலிருந்து வேலைத்தலம் என்று முப்பது குளிர்காலம் கழித்த நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். ஐப்பசி பிறந்தாலே இன்றும் அவர்களுக்கு நடுக்கம். ஒவ்வொரு நாளும் இருபது நிமிடம், சரியான உடுப்போடு, வெளியே நடவுங்கள். நான் சொல்ல வந்ததில் மிக முக்கியமானது இதுதான்.

வீட்டுக்குள் சூடு வைத்திருப்பது தனிக் கதை. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டின் சூடு 21 பாகைக்குக் குறையக் கூடாது என்பது நகரசபை விதி. வீட்டுக்காரர் தமிழராக இருந்தாலும், தூரத்துச் சொந்தமாக இருந்தாலும், விதி விதிதான். கேட்டும் சரிவராவிட்டால் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அழையுங்கள். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று காய்ந்துபோகும். உதடு வெடிக்கும், மூக்கில் இரத்தம் வரும், சட்டையைக் கழற்றும்போது பொறி பறக்கும். கொதிக்கக் கொதிக்க நெடுநேரம் குளிப்பதை நிறுத்தி, குளித்த ஈரம் காயும் முன்னே உடம்புக்கு எண்ணெய் பூசுங்கள். இந்த விஷயத்தில் நம் பாட்டிமாரின் தேங்காயெண்ணெய்க்கு எந்தக் குறையும் இல்லை.

இப்போது நெடுநல்வாடைக்கு, பகலா மாலையா என்று தெரியாத அந்தக் காட்சிக்குத் திரும்புகிறேன்.

1995இல் போரால் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது என் அம்மாவும் நடந்தே தென்மராட்சிக்குப் போனவர். 1997 புரட்டாதியில் அவரை இங்கே எடுப்பித்தேன். அப்போது அவருக்கு 68 வயது. பதினான்காம் மாடியில் எங்கள் வீடு. நானும் மனைவியும் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புவோம். மார்கழியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. நாலே முக்காலுக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். அம்மா முதலில் கதைப்பதைக் குறைத்தார். பிறகு சாப்பாட்டைக் குறைத்தார். யன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுக் கட்டிலிலேயே இருந்தார். ஒருநாள் வேலை முடிந்து வந்த என்னைப் பார்த்து, "தம்பி, இண்டைக்குப் பொழுது வந்ததோ?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

நான் அதை ஊர் நினைவு என்று நினைத்தேன். வயது என்று நினைத்தேன். அவர் பட்ட துயரங்கள் என்று நினைத்தேன். அவையும் இருந்திருக்கும். ஆனால் பங்குனி கடைசியில் வெயில் ஏறியதும், ஒருவரும் ஒன்றும் செய்யாமலே, அவர் எழுந்து குசினிக்குள் வந்து குழம்பு வைத்தார். அடுத்த கார்த்திகையில் மறுபடியும் அதே திரை, அதே கட்டில். அப்போதுதான் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சக் குறைவால் வரும் மனச்சோர்வு என்றார். இந்த நோயை முதன்முதலில் 1984இல் பெயரிட்டு விவரித்த மனநல மருத்துவர் நோர்மன் ரோசந்தால், தென்னாபிரிக்காவில் வளர்ந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். நியூயோர்க்கில் கழித்த முதல் குளிர்காலங்களில் தன் உற்சாகம் வற்றுவதையும் வசந்தத்தில் அது திரும்புவதையும் தன்னிலேயே கவனித்தவர். வெயில் நாட்டிலிருந்து வந்த ஒருவரின் கண்ணுக்கு அது பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும்.

காலையில் அரை மணி நேரம், 10,000 லக்ஸ் வெளிச்சம் தரும் விளக்கின் முன் இருத்துவது அதற்கு ஒரு சிகிச்சை. மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும். அதோடு வைற்றமின் டி. பொஸ்ரன் நகரத்தில் கார்த்திகை முதல் மாசி வரை வெயிலில் நின்றாலும் தோல் அதை உண்டாக்குவதில்லை என்று 1988இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ரொறன்ரோ அதற்கும் சற்று வடக்கே இருக்கிறது. நம் கறுத்த தோலுக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் வெயில் வேண்டும். பெரியவர்களைப் பராமரிப்பவர்கள் குடும்ப மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

விளக்கும் மாத்திரையும் உதவின. அம்மாவை முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்தது நடைதான். அடியில் கூர் வைத்த பூட்ஸ் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "எனக்கு உது வேண்டாம் தம்பி, விழுந்து இடுப்பை முறிச்சுப்போடுவன்" என்றார். முதல் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி ஒரு வட்டம். வேலியோரம் குவிந்திருந்த ஸ்னோவுக்குள் கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, எடுத்து, முந்தானையைத் தேடினார். ஜக்கெற்றுக்குள் சேலை இருந்தது. நான் என் கழுத்துத் துணியைக் கொடுத்தேன். அடுத்த கிழமை இரண்டு வட்டம். கடும் குளிர் நாட்களில், கடைகள் திறக்குமுன் நடக்க விடும் மோல் ஒன்றுக்குப் போனோம். அங்கே இரண்டு அம்மாமார் பழக்கமானார்கள், ஒருவர் வல்வெட்டித்துறை, மற்றவர் கயானா. பாஷை சரியாகத் தெரியாமலே மூவரும் ஒன்பது குளிர்காலம் சேர்ந்து நடந்தார்கள்.

எங்கள் தைப்பொங்கல் இங்கே மின்னடுப்பில்தான் பொங்குகிறது. ஆனால் சூரியன் வடக்கே திரும்புவதை நான் ஊரில் ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை, இங்கே கண்டேன். மார்கழி நடுவில் இருந்ததைவிடப் பொங்கலன்று பகல் ஏறக்குறைய இருபது நிமிடம் நீண்டிருக்கும். அம்மா அதைப் பிள்ளைகளுக்குக் கடிகாரத்தில் காட்டுவார்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். 1986 ஆவணி 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அகதிகளாக வந்த 150க்கும் மேற்பட்ட நம்மவர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு கரைசேர்க்க வந்தவர்கள் அந்தக் கடலிலேயே வாழ்ந்த மீனவர்கள். கஸ் டோல்ற்ரன் என்னும் படகோட்டி முதலில் வந்தார். யார், எங்கிருந்து வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியாது. கடலும் குளிரும் அவருக்குத் தெரியும்.

இந்த மண்டபத்தில் இருபது, முப்பது குளிர்காலம் கண்டவர்கள் பாதிப்பேராவது இருக்கிறீர்கள். உங்கள் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைக்குக் கையுறை இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் வீட்டு முதியவரை இந்தக் கிழமையே வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். பின்னால் இருக்கும் மேசையில் சிலர் கொண்டுவந்து வைத்த பூட்ஸும் ஜக்கெற்றுகளும் இருக்கின்றன, எல்லாம் துவைத்துத் துப்புரவாக்கியவை. கன்வஸ் சப்பாத்தோடு வந்த தம்பிமாரும் காலுறை இல்லாத தங்கச்சியும் போக முன் அந்த மேசைக்கு வாருங்கள். தடித்த காலுறையும் அங்கேயே இருக்கிறது. போட்டு, பெருவிரலை அசைத்துப் பார்த்து, அளவானதை எடுத்துக்கொண்டு போங்கள்.